கல்முனைப் பந்தயமும் உம்மா சொன்ன பதிலும்

எங்கள் ஊரில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைப்பதில்லை. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். ஒரே கிணற்றில் குளிப்பார், மாமி ஆக்கிய சோற்றைத் தின்பார். ஆனால் மாமியின் முகத்தைப் பார்க்க மாட்டார். மாமியின் குரலும் அவருக்குக் கேட்கக் கூடாது. எனவே இரண்டு பேருக்கும் நடுவே சொல்லைக் கொண்டுபோய்க் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் எனக்கு. அப்போது எனக்கு ஒன்பது வயது. சம்பளம் இல்லை என்றாலும் அதிகாரத்துக்குக் குறைவில்லை.

என் மூத்த சகோதரியான ராத்தாவின் மாப்பிள்ளை, எனக்கு மச்சான், பாலமுனைக்காரர். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு மாதமாகியும் விருந்துக்கு வந்தவர் மாதிரியே இருந்தார். இருமுவதற்குக்கூட யோசிப்பார். அவர் சிரித்து நான் கண்டதில்லை. வாப்பா அரை ஏக்கர் வயலை விற்று, சீதனத்தோடு ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார். அதைத் துடைக்கும்போது மட்டும் மச்சானின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனைக் கடற்கரையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் என்று ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஓட்டக்காரர்கள் வருகிறார்களாம். உள்ளூர்க்காரருக்கும் தனியாக ஓர் ஓட்டம் உண்டாம். எனக்கு அந்தக் கிழமை முழுக்கப் படிப்பு ஏறவில்லை.

ஞாயிறு காலை மச்சான் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

“புள்ள, மாமிக்கிட்டக் கேட்டுட்டு வா. இண்டைக்குப் பந்தயத்தில நானும் ஓடவா எண்டு. மாமி வேணாமெண்டா நான் போகல்ல.”

அறைக்குள் ஓடினேன். உம்மா விறாந்தை வாசல் திரைக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். நான் கேட்டதும் என் காதுக்குள் சொன்னார்.

“வேணாமெண்டு சொல்லு. அந்தச் சனத்துக்குள்ள கைகால் முறிஞ்சா என்ன செய்யிற? ராத்தா வேற வயித்துப் புள்ளக்காரி. அவள் பயப்படுறாள் எண்டு சொல்லு.”

ராத்தா பயந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவள் விடிந்ததும் விடியாததுமாக மச்சானின் சட்டையை அயன் பண்ணி வைத்திருந்தாள். ஆனால் உம்மாவின் சொல்தான் சொல். மச்சான் போகாவிட்டால் என்னைக் கூட்டிப்போக வேறு ஆளில்லை. வாப்பா வயலில் இருந்தார். விறாந்தைக்குத் திரும்பி வர எனக்கு எடுத்தது ஐந்தாறு எட்டுத்தான். அதற்குள் என் நாக்கு புரண்டுவிட்டது.

“உம்மா ஓமாம்,” என்று பலத்துச் சொன்னேன். “என்னையும் கூட்டிக்கிட்டுப் போகட்டாம்!”

“மெய்யாவா? மாமி ஓமெண்டாவா?” என்று மச்சான் துள்ளி எழும்பினார். வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குப் பல்வரிசை இவ்வளவு வடிவு என்று அன்றைக்குத்தான் கண்டேன். நான் சட்டை மாற்ற உள்ளே போனபோது உம்மா மறுபக்கம் திரும்பிச் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு பின்கதவால் நழுவினேன்.

கல்முனை எங்களுக்குக் கூப்பிடு தூரம். அன்று பெருந்தெரு அடைத்துக் கிடந்தது. ட்ரக்டர் பெட்டிகளில் சனம், ஒரு சைக்கிளில் மூன்று பேர், அக்கரைப்பற்று பஸ்ஸின் கூரையிலும் ஆட்கள். நடுவில் ஓர் எருமைக் கூட்டம் அகப்பட்டு, ஒருவருக்கும் வழிவிடாமல் நின்றது. பொலிஸ்காரர் ஊதிய விசில் அவருக்கே கேட்டிருக்காது. வெளியூர் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்று உறுமின. அந்த உறுமல் என் வயிற்றுக்குள்ளும் கேட்டது. மச்சான் சட்டென்று ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திருப்பினார். யாருடையதோ வீட்டு வளவுக்குள்ளால், காயப்போட்ட சாறன்களுக்குக் கீழே குனிந்துகொண்டு போனோம்.

“ஆருடா அது?” என்று ஒரு பெண் குரல் துரத்தியது.

“பந்தயத்துக்குப் போறம்!” என்று நான் கத்தினேன்.

கடற்கரையில் எல்லாம் தீ விலை. தென்னை மரம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே காலையில் முதலாளிகள் ஆகியிருந்தார்கள். மரத்தடியில் சைக்கிளைச் சாத்திவைக்கக் காசு, குடிக்கிற தண்ணீருக்குக் காசு. கால் ரூபா ஐஸ்பழம் ஒரு ரூபா. ஓடுகிறவர்கள் பெயர் பதியவும் காசு கட்ட வேண்டும். மச்சான் பையைத் துழாவிக் கட்டினார். என்னைக் கயிற்றோரம் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் ஒப்படைத்தார்.

“இந்தப் பெட்டியில ஏறி நில்லு பிள்ள,” என்றார் அந்த அக்கா. “நிக்கிறதுக்குக் காசில்ல. கச்சானுக்குத்தான் காசு.”

இரண்டு சுருள் கச்சான் வாங்கவேண்டி வந்தது.

உள்ளூர்க்காரர் ஓட்டத்துக்கு எட்டுப் பேர். கொடி விழுந்ததும் மணல் ஆளுயரத்துக்குப் பறந்தது. நான் போட்ட சத்தத்தில் கச்சான் அக்கா காதைப் பொத்திக்கொண்டார். முதல் சுற்றில் மச்சான் நாலாவது. இரண்டாவது சுற்றில் ஒருவரை முந்தினார், இன்னொருவரையும் முந்தினார். சிவப்பு மோட்டார் சைக்கிள் என் முன்னால் பறந்தபோது, “அது எங்கட மச்சான்! எங்கட மச்சான்!” என்று முன்பின் தெரியாதவர்களின் தோளிலெல்லாம் அடித்தேன்.

கடைசித் திருப்பத்தில் ஈர மணலுக்குள் முன் சில்லு புதைந்தது. மச்சானும் சைக்கிளும் சேர்ந்து உருண்டார்கள். சனம் முழுக்க ஒரே குரலில் அலறியது. யா அல்லாஹ், இது என்னால் வந்தது என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். உம்மாவின் முகமும், வாப்பா விற்ற வயலும், ராத்தாவின் வயிறும் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன.

மச்சான் எழும்பினார். சைக்கிளை நிமிர்த்தி உதைத்தார். இரண்டு தரம் அது மறுத்தது. மூன்றாவது உதைக்கு இரைந்தது. சனம் கைதட்டிய தட்டில் கடல் சத்தம் கேட்கவில்லை. ஐந்தாவதாக வந்து சேர்ந்தார். முழங்கையில் இரத்தம், வாய் நிறைய மணல், அதற்குள்ளும் ஒரு சிரிப்பு.

“கண்டியா புள்ள? விழுந்தும் அஞ்சாவது!”

திரும்பும் வழியெல்லாம் அவர் பாட்டுப் படித்தார். நானோ வீடு நெருங்க நெருங்க உம்மாவுக்குச் சொல்ல ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் ஏறியதும் நான் பயந்தது நடந்தது.

“புள்ள, மாமிக்குச் சொல்லு. அவ ஓமெண்டு சொன்னபடியாத்தான் போனேன். அவட துஆவாலதான் முறியாம வந்தேன்.”

உள்ளே போனேன். பகல் ஆக்கிய சோறு மூடியபடியே இருந்தது. உம்மா கையில் தஸ்பீஹ் மணியோடு இருந்தார். அவருக்குப் பல்லுக்கொதியாக்கும், வலியில் சாப்பிடவில்லை என்று நினைத்தேன். “மச்சான் வந்திட்டார்,” என்று மட்டும் சொன்னேன்.

“சந்தோஷம் எண்டு சொல்லு,” என்றார் உம்மா. வேறொன்றும் கேட்கவில்லை. நான் தப்பிவிட்டேன் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலம் போய் என் மகளுக்கும் கலியாணமாகி, மருமகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் நாள் காலை விறாந்தையில் இருந்தபடி என் சின்ன மகனிடம் மெதுவாக எதையோ கேட்டார். திரைக்கு உள்ளே நின்ற எனக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது. ஆனாலும் மகன் வந்து சொல்லும்வரை கேட்காதவள் மாதிரி நின்றேன். அதுதானே முறை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உம்மாவுக்கு அன்றைக்கு என் பொய்யும் கேட்டிருக்கிறது, மச்சானின் சிரிப்பும் கேட்டிருக்கிறது. என்னை ஒரு தரம் திருப்பிக் கூப்பிட்டிருந்தால் போதும், மச்சான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பார். ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த அந்தச் சிரிப்பை நிறுத்த மனம் வராமல், உம்மா பகல் முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறார்.