நடுத்தர எறிவாளர் ஒருவரின் பெறுமதி

ஜெர்மனியின் வுப்பர்டாலில் எங்கள் வட்டாரத்துப் பேஸ்பால் கழகத்தின் செயற்குழுவில் தமிழர் இருவர் இருந்தோம்: நானும், என் தங்கையின் கணவரும். நான் ஓய்வுபெற்றபின் பொழுதைக் கழிக்கச் சேர்ந்தவன். மைத்துனரோ தம் மகனுக்காகச் சேர்ந்தவர். அந்த மருமகன்தான் கழகத்தின் முதல் எறிவாளன். பற்களுக்கு உறை செய்யும் தொழிலைப் பயின்று முடிக்கும் தறுவாயில் இருந்தான். கிழமை நாள்களில் மயிரிழை பிசகாத கைவேலை. ஞாயிறுகளில் களத்து நடுவே எறிவாளருக்கான மேட்டில் நின்று பந்தெறிதல். இரண்டுக்கும் ஒரே வலக்கை.

ஞாயிறுதோறும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் நடைபெறும். கிரிக்கெட்டைப் போல் பலர் மாறிமாறிப் பந்துவீசும் வழக்கம் இதில் இல்லை. ஆட்டத்தின் பெரும்பகுதியை ஒருவரே எறிந்து தீர்ப்பார். பிறகு அந்தக் கைக்குப் பல நாள் ஓய்வு வேண்டும். எங்கள் இரண்டாம் எறிவாளர் படிப்புக்காக ஹம்பேர்க் சென்றுவிட்டார். எஞ்சியவன் புதியவன். அவன் தடுமாறும்போதெல்லாம், முதல் ஆட்டத்தை எறிந்து முடித்த மருமகனே மீண்டும் மேடேறினான்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பயிற்சியாளர் இன்னோர் எறிவாளரை அழைத்து வந்தார். முப்பது வயதைக் கடந்தவர்; பேருந்து திருத்தும் பணியாளர். பழைய கழகம் கலைந்துபோனதால் எவருடனும் ஒப்பந்தமின்றி இருந்தார். விளையாட்டுக் கூடத்தில் எறிந்து காட்டினார். விரைவும் இல்லை, வியப்பும் இல்லை. எங்கள் இளைஞர்கள் அவருடைய பந்துகளை நன்றாகவே அடித்தார்கள். அவர் முகம் மாறாமல் அடுத்ததை எறிந்தார். கடைசிப் பந்தும் முதற்பந்தைப் போலவே வந்தது.

செயற்குழு கூடியது. “இவர் பாதி ஆட்டங்களில் தோற்பார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஓர் ஆட்டத்தை இறுதிவரை சுமப்பார்” என்றார் பயிற்சியாளர்.

மைத்துனர் என் பக்கம் சாய்ந்து சிரித்தார்.

“கேட்டீங்களே அண்ணை, பாதி தோப்பாராம். வகுப்பிலை பதினைஞ்சாம் பிள்ளைக்கு ஆரும் மாலை போடுவினமே?”

“மாலை போடச் சொல்லேல்லை. உம்மடை மகன்ரை கைக்கு ஆறுதல் வேணுமெண்டுதான் சொல்லுறார்.”

“அவனுக்கென்ன? சிங்கம் மாதிரி நிக்கிறான். நீங்களே கேட்டுப் பாருங்கோவன்.”

மருமகன் வாக்குரிமை இல்லாமல், ஆட்டக்காரர்களின் சார்பில் மேசையின் மறுகோடியில் இருந்தான். காப்பிக் கோப்பையை இடக்கையால் பிடித்திருந்தான். சில காலமாகவே அப்படித்தான்.

“கை எப்பிடியடா?” என்றேன்.

“ஒண்டுமில்லை மாமா. எனக்கு ஏலும், விடுங்கோ.”

அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தகப்பனைப் பார்த்துச் சொன்னான். எங்கள் வீடுகளில் வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு. நடுவில் நிற்பவரைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகள் அதைச் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கிறார்கள்.

மைத்துனரின் மளிகைக் கடையே கழகத்துக்குச் சீருடை வழங்கிவந்தது. அவர் சொல்லுக்கு எடை இருந்தது. ஒப்பந்தத்துக்கு ஆதரவாக நானும் பயிற்சியாளரும் மட்டுமே கை உயர்த்தினோம். நடைகூடத்தில் காத்திருந்த அந்த மனிதர் முடிவைக் கேட்டார். எல்லோருக்கும் கைகொடுத்து விடைபெற்றார்.

கோடை நடுவில் வெக்கையான ஒரு ஞாயிறு. இரண்டாம் ஆட்டத்தில் மருமகன் எறிந்த பந்து, அடிப்பவரை எட்டாமல் பாதியிலேயே நிலத்தில் வீழ்ந்தது. அவன் முழங்கையைப் பற்றியபடி முழந்தாளிட்டான். வேலியோரம் நின்ற மைத்துனர், “எழும்பு, எழும்படா!” என்று கூவினார். பிறகு வேலியைச் சுற்றிக் களத்துக்குள் ஓடினார்.

முழங்கை எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் அறுந்திருந்தது. அதனருகே ஓடும் நரம்பும் சிதைந்திருந்தது. அறுவை மருத்துவம் தசைநாரை ஒட்டவைத்தது. சிறுவிரலிலும் மோதிரவிரலிலும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. பட்டறையில் பல்லுறைகள் கையிலிருந்து நழுவியதை அவன் முதலில் எவரிடமும் சொல்லவில்லை. பின்னர் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. தொழிற்பயிற்சி இடையில் நின்றது. இப்போது அதே பட்டறையில் பொதிகளை ஒட்டி அனுப்புகிறான்.

அடுத்த ஆட்டப் பருவத்துக்கு அந்தப் பேருந்துப் பணியாளரைச் செயற்குழு ஒருமனதாக ஏற்றது. முதலில் கை உயர்த்தியவர் மைத்துனர்.

பருவத்தின் முதல் ஞாயிறு நானும் தங்கையும் அவள் கணவரும் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தோம். மருமகன் வரவில்லை. எதிரணியினர் பேருந்துப் பணியாளரின் பந்துகளை அடித்தார்கள், அவர் இறுதிவரை எறிந்தார், தோற்றார். முதல் ஆட்டத்தை எறிந்து களைத்த எவரும் மீண்டும் மேடேறும் தேவை நேரவில்லை.

“இந்த மனுசன் ஒரு வருசம் முந்தி வந்திருந்தால்...” என்றார் மைத்துனர்.

“வந்தவர்தானே” என்றாள் தங்கை, ஆடுகளத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆட்டம் முடிந்ததும் எறிவாளர் வேலியருகே வந்தார். தோளில் பனிக்கட்டிப் பை கட்டியிருந்தார். மைத்துனருக்குக் கைகொடுத்து, “மகனின் கை எப்படி இருக்கிறது?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

நாள் முழுவதும் கடையில் ஜெர்மன் மொழியில் பேசிப் பகடி செய்பவர் மைத்துனர். பிடித்த கையை விடாமல் நின்றார். தங்கைதான் விடை சொன்னாள்.