செக்போஸ்ட்டைத் தாண்டிய படம்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டின் முன்னால் நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில். பேசினால் பாதியில் நின்றுவிடும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றவன் எழுத்து. தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மூத்தவளுக்குப் பேச்சுப்போட்டி. இணையத்தில் திருட்டுப் படம் பார்ப்பது குற்றம் என்பது தலைப்பு. "ஒரு நாட்டில் எடுத்த படத்தை இன்னொரு நாட்டிலும் திருடக் கூடாது என்று உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன" என்று பேசிக் காட்டினாள். நான் கை தட்டினேன். அப்போதுதான் இளையவன் கேட்டான்.

"அப்ப நம்ம அப்பாவும் திருடனா அக்கா? அம்மாவுக்குப் படம் அனுப்புனாருல்ல?"

"அதுவும் திருட்டுப் படந்தான்." மூத்தவள் பீரோவைத் திறந்து அந்த மெமரி கார்டு டப்பியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். "யாராச்சும் கேட்டா எங்கப்பா திருடன்னா நான் சொல்றது?"

உங்கள் அம்மாதான் குழம்புக் கரண்டியோடு திரும்பினாள். "ஏண்டி, அந்தச் செக்போஸ்ட்டுக் கம்பத்த எறக்குனவங்களத் திட்டுறதுக்கு எப்பப் போட்டி வெக்கப் போறாங்க?"

ஊரடங்கு போட்ட நோய்க் காலத்தில் நடந்தது அது. இளையவனுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். ஒரு வாரம் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்களின் லய வீட்டில் தங்கிக் காய் எடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மா மலையேறினாள். மூன்றாம் நாள் போடிமெட்டு செக்போஸ்ட்டில் கம்பத்தை இறக்கிவிட்டார்கள். மேலே கேரளா, கீழே நாம். என் ஜீப்பில் தினமும் ஆள் ஏற்றிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டியவன் நான். அது ஓர் எல்லை என்று அன்றுவரை எனக்கு உறைத்ததே இல்லை.

வாரம் மாதமானது. இளையவன் போனில் அம்மாவிடம் பேசவே மாட்டேன் என்றான். "வர்றேன்னு சொல்லிட்டு வரலைல்ல." தியேட்டரில் நான்கு பேரும் சேர்ந்து பார்ப்பதாக வைத்திருந்த படம், தியேட்டர் மூடிக் கிடந்ததால் நேராகப் போனுக்கு வந்தது. அதையும் பார்க்க மாட்டேன், அம்மா பார்த்தால்தான் பார்ப்பேன் என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். நாம் பணம் கட்டிப் பார்க்கலாம். மேலே என்ன செய்ய? லயத்துக்குப் பின்னாலுள்ள பாறையில் ஏறினால்தான் அம்மாவுக்கு டவரே கிடைக்கும். பேசலாம், படம் ஓடாது.

செல்போன் கடைக்காரரிடம் அந்தப் படத்தைக் கார்டில் ஏற்றச் சொன்னேன். காய்கறி லாரிக்கு மட்டும் வழி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முருங்கைக்காய வுடுறாய்ங்க, மனுசன வுட மாட்டேங்கிறாய்ங்க. குடுங்கண்ணே, கத்திரிக்காயோட கத்திரிக்காயாப் போகட்டும்" என்று வாங்கிக்கொண்டான் லாரிக்காரன்.

மறுநாள் கார்டு அம்மா கைக்குப் போனது. சாயங்காலம் ஆறு மணிக்கு, பேசி வைத்தபடி, மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் படத்தைப் போட்டோம். விடிந்ததும் அம்மா பாறையேறிக் கூப்பிட்டாள். இளையவன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். "கடைசிச் சண்டையப் பாத்தியாம்மா?" சார்ஜ் தீரும்வரை போனைத் தரவில்லை. சில மாதம் கழித்துக் கம்பத்தைத் தூக்கியதும் அம்மா அந்த டப்பியோடு இறங்கி வந்தாள்.

படம் எடுத்தவர்கள் பாடுபட்டுத்தான் எடுத்திருப்பார்கள். அதைக் காப்பி போட்டு விற்றுப் பிழைப்பவனைப் பிடியுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் ஒன்றைக் கேட்பேன். ஒரு படத்தைக் காப்பாற்ற எத்தனை நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகின்றன! கொரியா இரண்டு நாடாகப் பிரிந்ததில் அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமுமாகக் கிழடாகிப் போனார்கள். சில மணி நேரம் பார்க்கவிட்டு மறுபடி பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையை வைத்து அழுததை டிவியில் பார்த்தேன். அவர்களைச் சேர்த்துவைக்க அந்த மேசைக்கு ஏன் ஒருவரும் வருவதில்லை? பிரிந்த நாடுகள் சேர வேண்டும் என்பேன். அரசாங்கம் ஆயிரம் காரணம் சொல்லட்டும். ஒரு மலையில் சில மாதம் பட்டதே எனக்குப் போதும்.

மகளே, போட்டியில் நீ எழுதியதையே பேசு, அது சரிதான். யாராவது கேட்டால், எங்கப்பா அனுப்பினார், இன்னொரு தடவை கம்பத்தை இறக்கினாலும் அனுப்புவார் என்று சொல். தலையைக் குனியாதே.

திங்கட்கிழமை நீங்கள் பள்ளிக்கும் அம்மா வேலைக்கும் போன பிறகு, கூடையிலிருந்து அந்த டப்பியை எடுத்துத் துடைத்தேன். மேலே ஒட்டிய தாளில் மூத்தவளின் அன்றைய கோணல் கையெழுத்தில் 'அம்மாவுக்கு' என்று இருந்தது. அதற்குக் கீழே பேனாவை அழுத்தி 'அனுப்பியது அப்பா' என்று எழுதி, மை காய்ந்ததும் பீரோவில் இருந்த இடத்திலேயே வைத்தேன்.