எரியாத பூண்டு

வடகவுஞ்சியில் எங்களுக்குப் பூண்டுத் தோட்டம். என் மனைவியின் முழங்கைக்குக் கீழே வெளிறிய படை ஒன்று தோன்றியது. தேமல் என்று நினைத்து, ஊர் வழக்கப்படி பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினேன். மறுநாள் அந்த இடம் கொப்பளித்திருந்தது.

"எரியுதா?" என்றேன்.

"கொஞ்சங்கூட எரியலைங்க. மருந்து ஒத்துக்கிருச்சு போல."

எனக்கும் சந்தோஷம். இன்னும் இரண்டு முறை கட்டினேன்.

புண் ஆறவில்லை. சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியது. பெருவியாதி என்று ஊரில் பேச்சு வந்ததும், என் தங்கை எங்கள் கைக்குழந்தையைத் தூக்கிப் போய்விட்டாள். மனைவி சாப்பிடாமல் சுவரோரம் கிடந்தாள். "என்னைய எங்கிட்டாச்சும் விட்டுட்டு வந்துருங்க" என்றாள்.

கொடைக்கானல் டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, படையைப் பஞ்சால் தொட்டார். அவளுக்குத் தெரியவில்லை. காதுமடலில் லேசாகக் கீறி எடுத்துச் சோதித்தார்.

"தொழுநோய்தான். அதுல ரெண்டு வகை இருக்கு. கீறி எடுத்ததுல கிருமி இல்ல, இது தொத்தாத வகை. மாத்திரையை நிறுத்தாம சாப்பிடணும். பிள்ளைக்குத் தாராளமா பால் குடுக்கலாம். எரியலைன்னப்பவே வந்திருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

அன்றே குழந்தையை வாங்கி வந்தோம். அவளுக்குப் பால் வற்றியிருந்தது.

இப்போது யாராவது தேமல் என்று கையை நீட்டினால் நான் மருந்து சொல்வதில்லை. கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்க்கிறேன். தெரியவில்லை என்றால், அவரோடு நானும் பஸ் ஏறிவிடுகிறேன்.