என் கணவருக்குக் கிடைத்த பூச்சியம்

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கோபத்தோடு எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வாயும் தெரியும்.

போன வருஷம் ஜூன் மாதம், விடாத மழை. என் கணவர் செல்வராஜ் நகரசபையின் தண்ணீர்ப் பிரிவில் வேலை செய்கிறவர். கண்டியின் மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்கி, குழாய் வால்வுகளைத் திறந்து மூடுவதுதான் இருபத்து நாலு வருஷமாக அவருடைய வேலை. அன்றைக்குப் பாசி பிடித்த படியொன்றில் சறுக்கி விழுந்தார். இடுப்போடு சேருகிற இடத்தில் தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து, தகடு வைத்து, பதினொரு நாள் கழித்து பிலிமத்தலாவையில் உள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

வார்டில் ஒரு வாக்கரைக் கொடுத்து, தினமும் அதைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் முதல் நாள் அவர் அதைப் பிடித்து எழுந்தபோது வலியில் முகம் கோணிப்போனது. "போதுங்க, படுங்க. மொதல்ல ஒடம்பு தேறட்டும்" என்றேன். அடுத்த வாரம் அந்த வாக்கரில் துவாய் காயப்போட்டேன்.

அதன் பிறகு அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன். பல் துலக்கத் தண்ணீர் கட்டிலுக்கு வந்தது. சோறு கட்டிலுக்கு வந்தது. மலசலகூடத்துக்குப் போக, அக்குளில் கை கொடுத்து நானே தூக்கினேன். நம் திருச்சபையிலிருந்து நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். தோடம்பழமும் பால்மாவும் கொண்டுவந்தீர்கள். உங்களைக் கண்டதும் மரியாதைக்கு அவர் எழப் பார்ப்பார். உடனே நாலு பேர் பாய்ந்து தோளை அமுக்குவீர்கள். "எந்திரிக்காதீங்கண்ணே, எந்திரிக்காதீங்க!" நம் ஆட்களுக்கு நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும். அவன் எழுந்து நடமாடினால், வீட்டுக்காரி சரியாகப் பார்க்கவில்லை என்று பேச்சு வரும். அவர் படுத்தே இருந்ததால் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் ஜெபம். "ஆண்டவரே, இவரை எழுப்பும்" என்று அழுது கேட்போம். ஆமென் சொன்ன கையோடு அவரை நன்றாகப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டுத் தேநீர் குடிப்போம். அந்தக் கூத்து எனக்கு அப்போது விளங்கவில்லை.

செப்டெம்பரில் வேலை இடத்திலிருந்து கடிதம் வந்தது. நவம்பரில், வேலைக்குத் தகுதியா என்று பார்க்கிற வைத்திய சபை முன் அவர் நிற்க வேண்டும். அதற்கு முன் உடல் இயக்கத்தைச் சோதித்து அறிக்கை கொண்டுவர வேண்டும். நடமாட முடியாதவர் என்று முடிவானால் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். கேட்டேன், கெஞ்சினேன், கடைசியில் சண்டையும் பிடித்தேன். வானம் வாயே திறக்கவில்லை.

வேன் பிடித்துக் கண்டியில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். அங்கே உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிற மிஸ், முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண். முப்பது வயதுகூட இருக்காது. அந்த அறையில் எல்லா வயதிலும் ஆட்கள் இருந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று ஒற்றைக் காலில் நின்று காட்டிக்கொண்டிருந்தது. கடுகண்ணாவையில் கடை வைத்திருக்கிற எண்பது தாண்டிய ஒரு முதலாளி, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார். மிஸ் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினாள். அரை நிமிஷத்தில் பதினொரு தரம்.

அடுத்தது என் கணவர். அதே கதிரை, அதே அரை நிமிஷம். அவர் முன்னால் சாய்ந்ததும் என் கை தானாக அவர் அக்குளுக்குள் போய் அவரைத் தூக்கிவிட்டது.

"கைய எடுங்கொ, ஆன்டி" என்றாள் மிஸ்.

திரும்பவும் போனது. "கைய எடுங்கொ." மூன்றாம் தரமும் போனது. அவள் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து அப்பால் விட்டாள். என் கை இல்லாமல் அவர் முயன்று பார்த்தார். தொடை நடுங்கியது. கதிரையை விட்டு எழவே முடியவில்லை. அவள் அட்டையில் அவர் பெயருக்கு நேரே ஒரு பூச்சியத்தைப் போட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூணு தரம் எந்திரிச்சாரே மிஸ்! ஒங்க கண்ணுக்குத் தெரியலியா?"

"அவர் எழும்பல்ல. நீங்க தூக்கினீங்க" என்றாள். "எலும்பு நல்லாப் பொருந்தி இரிக்கிது. படுத்துப் படுத்தே கால்ல பலம் போயிரிக்கிது. எங்க, நீங்களும் இரிங்கொ பாப்பம்."

வீம்புக்கு நானும் கதிரையில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். எனக்கு நாற்பத்தேழு வயது. ஒன்பதாவது தரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது, மூச்சு வாங்கியது. முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "தூக்கித் தூக்கி உங்கட முதுகும் போகுது. ரெண்டு பேரும் படுத்தா யாரு பாக்கிற?" என்று கேட்டாள் அந்தப் பெண். வேனில் வரும்போது அவளை நான் ஏசாத ஏச்சில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறையில் ஆண்டவரோடு மல்லுக்கு நின்றேன். மெதுவாக அல்ல, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி. "அற்புதம் கேட்டேன்! நீர் பூச்சியம் போட ஒரு பொம்பளைய அனுப்பினீரா?"

கட்டிலிலிருந்து அவர் கூப்பிட்டார். "ஜெயா, கத்தாத. இங்க வா."

போனேன்.

"நீ காலையில பால் வாங்கப் போறப்போ, நா கட்டிலப் புடிச்சி நிக்கப் பாக்குறேன். கேட்டு தெறக்குற சத்தம் கேட்டா படுத்துக்குவேன்."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அந்தப் புள்ள ஒன்னக் கைய எடுக்கச் சொன்னப்போ, எனக்குப் போன உசுரு திரும்பி வந்திச்சி."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை காலையாக ஆண்டவர் அவரை எழுப்பப் பார்த்திருக்கிறார்! ஒவ்வொரு நாளும் நான் பால் வாங்கிக்கொண்டு வந்து படுக்கவைத்திருக்கிறேன். ஜெபம் கேட்கப்படவில்லை என்று உபவாசம் வேறு இருந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் துவாயை எடுத்தெறிந்து வாக்கரைத் துடைத்தேன். மிஸ் சொன்னபடி கதிரையைச் சுவரில் முட்டவைத்து, இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, காலையும் மாலையும் எழுந்து உட்காரப் பழக்கினோம். பிறகு ஒரு தலையணை. பிறகு அதுவும் இல்லை. அவருக்கு அது பயிற்சி, எனக்கு அது தண்டனை. பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். கை சும்மா இருந்தால் அவரிடம் ஓடிவிடும்.

வெள்ளிக்கிழமை போதகர் ஐயா வந்தார். என் கணவர் எழப் பார்த்தார். ஐயா பதறி ஓடிவந்து கை நீட்டினார். "தொடாதீங்கய்யா! அவரா எந்திரிக்கட்டும்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஐயா நின்ற இடத்திலேயே நின்றார். ஈவு இரக்கமில்லாதவள் என்று சில சகோதரிகள் பேசினார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். அக்டோபரில் ஒருநாள் அவர் கதிரை விளிம்பிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தபோது, "பாத்தியா" என்று அதே வாய்கள் சொல்லின. அன்றிரவு நான் தூங்கவில்லை. காலையில் எனக்கு முன்னே அவர் கதிரையில் இருந்தார்.

நவம்பரில் மறுபடி சோதனை. "ஆன்டி, நீங்க வெளிய இரிங்கொ" என்று மிஸ் கதவைச் சாத்திவிட்டாள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். ஆண்டவரே ஆண்டவரே என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. உள்ளே அவள் எண்ணுவது கேட்டது. ஒண்டு. ரெண்டு. மூண்டில் நீண்ட இடைவெளி. நாலு. அஞ்சு. எட்டோடு நேரம் முடிந்தது. கதவு திறந்தது. ஊன்றுகோலோடு அவர் முன்னால் நடந்து வந்தார். மிஸ் அவருக்குப் பின்னால் வந்தாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். வேனில் ஏசியதற்கெல்லாம் மன்னிப்பும் கேட்டேன்.

வைத்திய சபை அவரை வேலைக்குத் திரும்பச் சொன்னது. இப்போதைக்கு மேட்டில் ஏறக்கூடாது, தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தைப் பார்க்கிற வேலை. அது போதாது என்று அவருக்குக் கோபம். அந்தக் கோபத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சபையாரே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் கேட்ட விதத்தில் அல்ல. என்னை ஏசவைத்து, வெட்கப்படவைத்து, வேறு மார்க்கத்துப் பெண் ஒருத்தியின் வாயால் பதில் சொன்னார். உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருந்தால் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள், நிச்சயம் கேட்பார். ஆனால் வைத்தியர் நடக்கச் சொன்ன மனுஷனைப் படுக்கவைத்துவிட்டு ஜெபிக்காதீர்கள். அந்த மனுஷன் முகம் கோணும். கால் நடுங்கும். உங்கள் நெஞ்சு வெடிக்கும். வெடிக்கட்டும். பக்கத்தில் நில்லுங்கள், கையைக் கட்டிக்கொள்ளுங்கள், எழும்பும்வரை பொறுங்கள்.