நீலத் தேரும் சிவப்புத் தேரும்

பைனைட் எலிமென்ட் அனாலிசிஸ் என்று ஒரு பாடம். பதுளையில் ஒரு கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் பிழைக்கிறேன். ஒரு இரும்புச் சாமான் பாரம் தாங்குமா, உடையுமா என்று தெரிய வேண்டும். முழுச் சாமானுக்கும் ஒரே மூச்சில் கணக்குப் போட முடியாது. ஆகவே கணினிக்குள் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, துண்டு துண்டாகக் கணக்குப் போட்டு, மறுபடி சேர்த்துப் பார்ப்பது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒருமுறை இதைப் பொறுமையாக விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நறுக்குறதுக்கா புள்ள அவ்வளவு தூரம் போய்ப் படிச்ச?" என்றார்.

என் மாணவர்கள் அவரைவிட அதிகமாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்குப் பிடித்தது படம் மட்டும்தான். கணக்கு முடிந்ததும் கணினி ஒரு வண்ணப் படம் தரும். அழுத்தம் குறைந்த இடம் நீலம், கூடிய இடம் சிவப்பு. சமன்பாடு எழுதும்போது கன்னத்தில் கைவைத்துத் தூங்கும் வகுப்பு, படம் வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும்.

அந்தப் படம் வருவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சாமான் எங்கே, எதனால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சாமான் அந்தரத்தில் பறக்கிறது என்று முறைப்பாடு செய்யும். அதற்குப் பயந்து பிள்ளைகள் கைக்கு எட்டிய இடத்தையெல்லாம் 'ஃபிக்ஸ்ட்' என்று அமுக்கிவிடுவார்கள். அமுக்கிய இடம் பிறகு அசையாது. "இத யாரு புடிச்சிக்கிட்டு இருக்கா?" என்று நான் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்பேன். "சொஃப்ட்வெயர், மிஸ்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் பதில் வரும். இந்தக் கேள்வி பதிலில் எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

போன வருடம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் புதுத் தேர் வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் பதுளை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் முதலாளி. தேர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு இரும்புக்கடைக்காரரிடம் கேட்டால் என்ன வரும்? இரும்பில் வந்தது. பழைய டிரெக்டர் பெட்டியின் அடித்தட்டில் பொக்ஸ் பார் என்கிற சதுர இரும்புக் குழாய்களை ஒட்டி, பழைய மரத்தேரைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் எழுப்பியிருந்தார்கள். கடைசி வருட மாணவர்கள் நான்கு பேர் அதையே தங்கள் ஆய்வாக எடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஒருமுறையாவது கண்ணால் பார்த்த சாமானை நறுக்கட்டுமே என்று நினைத்தேன்.

எங்கள் தேர் நிற்பதற்குச் செய்ததல்ல, கோயிலிலிருந்து கீழ் லயத்து வரிசை வீடுகளுக்கு இறங்க வேண்டும். ரோட்டுக்கு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் தேயிலைப் பள்ளம். முன்னால் வடம் இழுக்கிறவர்கள் போக, மேட்டுப் பக்கத்தில் ஒரு கூட்டம் தேரின் உச்சியில் கட்டிய கயிறுகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வரும். தேர் பள்ளத்துப் பக்கம் சாயாமல் இருக்க அதுதான் காவல். மேட்டுக்கயிறு என்போம். பள்ளத்துப் பக்கத்துச் சில்லுக்கு அருகில் ஒருவர் கட்டையோடு குனிந்தபடியே நடப்பார். தேர் வேகமெடுத்தால் சில்லுக்கு அடியில் கட்டையைப் போட்டு நிறுத்துவார். அவர் என் அப்பா. தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், கட்டையிலிருந்து பெறவில்லை.

மாணவர்கள் தேரை அளந்தார்கள், கணினியில் வரைந்தார்கள், நறுக்கினார்கள். படம் வந்தது. முழுத் தேரும் நீலம். அதை எனக்குக் காட்டுவதற்கு முன்னால் முதலாளிக்கு வட்சப்பில் அனுப்பிவிட்டார்கள். நான் முதன்முதலாக அதைப் பார்த்தது பஸ் நிலையத்துக்கு எதிரில், ஒரு ஆள் உயரப் பெனரில். மேலே அம்மன், கீழே நீலத் தேர், நடுவில் 'கணினியால் பரிசோதிக்கப்பட்ட தேர்' என்று கொட்டை எழுத்து. நீலம் ஒரு கட்சியின் நிறமாயிற்றே என்று கமிட்டியில் ஒருவர் முகம் சுளித்தாராம். அதைத் தவிர வேறு யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த வருடத் திருவிழாவுக்கு மேட்டுக்கயிறு கிடையாது என்று கமிட்டி முடிவெடுத்திருந்தது. ட்ரோன் வைத்து வீடியோ எடுக்கப்போகிறார்கள், சுற்றுலா ஊரான எல்லவிலிருந்து வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்க வருவார்கள், கயிறு குறுக்கே வந்தால் அலங்காரம் மறைந்துவிடும்.

அன்று கல்லூரிக்குப் போய் அந்த நான்கு பேரையும் கணினியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே தேர் சமதரையில் நின்றது. எங்கள் ஊவா மலையில் அப்படியொரு தரையை எங்கே கண்டுபிடித்தார்களோ. நான்கு சில்லும் ஃபிக்ஸ்ட். அப்படி ஒட்டி நிற்கும்போது என் வீட்டு அலுமாரிக்குக் கணக்குப் போட்டாலும் நீலம்தான் வரும். ரோட்டின் பள்ளத்துப் பக்கச் சரிவைக் கொடுத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். பள்ளத்துப் பக்கத்துத் தூண்களின் அடி செக்கச்செவேல் என்று வந்தது. மேட்டுப் பக்கத்துச் சில்லுகளை நிலம் கீழே இழுத்துப் பிடித்தால்தான் தேர் நிற்கும் என்றது கணக்கு. நிலம் எதையும் இழுத்துப் பிடிக்காது, தாங்க மட்டும்தான் தாங்கும். சாய்ந்தால் எந்தப் பக்கம் சாயும் என்று நால்வரில் ஹல்துமுல்லையிலிருந்து வரும் மாணவி கேட்டாள். அப்பா நடக்கும் பக்கம் என்று சொன்னேன்.

சிவப்புப் படத்தை எடுத்துக்கொண்டு முதலாளியின் கடைக்குப் போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இத மொதல்லயே தந்திருக்கலாமே டீச்சரம்மா. செவப்புதானே அம்மனுக்கு உகந்த நெறம். நீலத்தப் பாத்து ஆளாளுக்குக் கட்சி கட்சின்னு பேசுறாங்க."

"முதலாளி, சிவப்புன்னா ஒடையும்னு அர்த்தம்."

"அம்மன் தேரு எப்பிடிங்க ஒடையும்?" என்றார் மிகவும் அன்பாக. "டீ குடிச்சிட்டுப் போங்க."

டீயும் குடித்தேன். வேறு என்ன செய்வது? பல்கலைக்கழகத்தில் சிவப்புக்கு ஒரே அர்த்தம்தான் கற்பித்தார்கள். இரண்டு நாளில் பெனர் மாறியது. அடி செக்கச்செவேல் என்றிருந்த தேருக்கு மேல் அம்மன் சிரித்துக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் முறியும் என்று துல்லியமாகக் காட்டும் படத்தைத் தானே அச்சடித்துத் தொங்கவிட்ட கோயில் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அப்பாவிடம் இந்த வருடம் கட்டை போடப் போகவேண்டாம் என்றேன்.

"நான் போகலைன்னா வேற ஒருத்தன் குனிவான் பாப்பா. அவனுக்கும் வீட்டுல ஆளுக இருக்குல்ல."

அதற்கு மேல் கெஞ்ச எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் போகவில்லை. கோயிலின் பின்னறையில் பழைய கயிறுகள் கிடப்பதாக அவர்தான் சொன்னார்.

திருவிழாவன்று பகலில் அந்த நான்கு பேரையும் அவர்கள் வகுப்போடு வரச்சொன்னேன். செய்முறை வகுப்பு, வரவு எடுக்கப்படும் என்றேன். கடவுளுக்கு வராதவர்களும் வரவுக்கு வருவார்கள். சிங்களப் பிள்ளைகள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு முதல் ஆளாக நின்றார்கள். ட்ரோன்காரர் கயிற்றைப் பார்த்துக் கத்தினார். முதலாளி மைக்கை விட்டு இறங்கி வருவதற்குள் தேரின் உச்சியில் கட்டி முடித்துவிட்டோம். கல்லூரிப் பிள்ளைகள் ஆசையாகப் பிடிக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அவரும் விட்டுவிட்டார்.

கீழ் லயத்துக்குத் திரும்பும் வளைவில் தேர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. மேட்டுப் பக்கத்துச் சில்லுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்ததை நான் பார்த்தேன். தேருக்கு அந்தப் பக்கம் அப்பா இருந்தார், அவரைப் பார்க்க முடியவில்லை. "தொங்குங்க" என்று கத்தினேன். எல்லோரும் மொத்தமாகத் தொங்கினோம். கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. யாரும் விடவில்லை. சில்லு மெதுவாக இறங்கி ரோட்டில் உட்கார்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விழும் சத்தம் கேட்டது, பிறகு அப்பாவின் இருமல். அவர் இருமல் எனக்கு அவ்வளவு இனிமையாக அதற்கு முன்னால் கேட்டதில்லை. நடுரோட்டில் நின்று அழுதேன்.

மைக்கில் முதலாளி, தேர் பத்திரமாக இறங்க உதவிய கொம்பியூட்டருக்குக் கமிட்டியின் சார்பில் நன்றி சொன்னார்.

திங்கட்கிழமை வகுப்பில் பாதிப் பேருக்கு உள்ளங்கையில் கட்டு. மௌஸைப் பிடிக்க முடியாமல் இரண்டு விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாதாரண ஏணிதான் அன்றைய பயிற்சி. ஹல்துமுல்லை மாணவி ஏணியின் காலடிவரை அம்புக்குறியைக் கொண்டுபோனாள். 'ஃபிக்ஸ்ட்' பொத்தானுக்கு மேல் நிறுத்தினாள். அமுக்கவில்லை. கட்டுப்போட்ட கையைத் தூக்கினாள்.

"மிஸ், இத யாரு புடிச்சிக்கிட்டு இருக்கா?"