கங்காணியைத் தேடியவள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பஸ்ஸின் கடைசி இருக்கையில் என் பக்கத்தில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். விரல்கள் கறையேறிக் கறுத்திருந்தன. கூடைக் கயிறு இழுத்து இழுத்து முன்நெற்றியில் முடி தேய்ந்துபோயிருந்தது. அடிக்கடி சட்டென்று திரும்பிப் பின்னால் பார்ப்பார். எங்களுக்குப் பின்னால் பஸ்ஸின் கண்ணாடி மட்டும்தான் இருந்தது.

என் ஆய்வுக்கு வழிகாட்ட முடியாது என்று அன்று காலைதான் நான்காவது பேராசிரியரும் எழுதியிருந்தார். தோட்டத்துப் பேச்சுமொழி அவருடைய துறை இல்லையாம்.

"என்னா தங்கச்சி, மொகமே சரியில்ல?"

"படிப்புக்கு ஒரு சூப்பர்வைசர் வேணுங்கக்கா. யாருமே கெடைக்கல."

"சூப்பர்வைசருன்னா, நம்ம மலையில பின்னால நிப்பாரே கங்காணி, அந்த மாதிரியா?"

"அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "கங்காணி வராத நாளுன்னா எங்களுக்குத் திருநாளு. நீங்க என்னடான்னா கங்காணி வேணும்னு தேடி அலையிறீங்க!"

பிறகு கேலியே இல்லாத குரலில் கேட்டார். "அவரு இல்லாட்டி ஒங்களுக்கு எழுத வராதுங்களா?"

"வரும்" என்றேன். ஆனாலும் பல்கலைக்கழகத்தில் விடமாட்டார்கள் என்று விளக்குவதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது.

இப்போது எனக்கு ஒரு வழிகாட்டி கிடைத்துவிட்டார். நல்ல மனிதர், கொழும்பில் இருக்கிறார். இங்கே என் அறையில் நான் தனியாகத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் தலை தானாகப் பின்னால் திரும்புகிறது.