கொப்பளிக்காத மூன்று வாரம்

பல் டாக்டரின் கிளினிக்கில் அவள் இருபது வருடமாக உதவியாளர். வருகிறவர்களிடமெல்லாம் "கொப்பளிங்க, துப்புங்க" என்று சொல்லிச் சொல்லி, கொப்பளியக்கா என்ற பெயரே நிலைத்துவிட்டது. தன் வாயை மட்டும் விடுவாளா? மூன்று வேளையும் மவுத்வாஷ். அந்த வாயில் கிருமிக்கு வாடகைக்குக்கூட இடம் கிடையாது.

நாற்பத்து மூன்று வயதில் ஓட ஆரம்பித்தாள். நகரத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்தால்தான் பதக்கம். பிறகு எல்லைக்கோட்டில் கயிறு கட்டிவிடுவார்கள். போன வருடம் முப்பது வினாடி பிந்திப்போய், அந்தக் கயிற்றில் முட்டிக்கொண்டு நின்றாள்.

"முப்பது செகண்டுக்கா இந்த மூஞ்சி? நான் தும்மி முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகும்" என்றார் கணவர்.

"நீங்க தும்முங்க. நான் அடுத்த வருஷம் உள்ள போறேன்."

பீட்ரூட் சாறு ஓடுகிறவர்களுக்கு நல்லது என்று எங்கோ படித்தாள். ஓடுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு ஒரு டம்ளர். குடித்த கையோடு, பல் கிளினிக்குக்குச் சிவந்த பல்லோடு போகலாமா என்று கொப்பளித்தும் விடுவாள். மூன்று மாதத்தில் மாறியது வாஷ்பேசினின் நிறம்தான், கடிகாரம் மசியவில்லை.

சாறு குடித்தும் ஏன் வேகம் கூடவில்லை என்று, கூட்டமில்லாத ஒரு மதியம் டாக்டரிடமே கேட்டாள்.

"குடிச்சதும் என்ன பண்றே?"

"கொப்பளிப்பேன் டாக்டர். வேறென்ன?"

டாக்டர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. காய்கறியில் உள்ள நைட்ரேட்டை, நாக்கின் பின்பக்கம் குடியிருக்கும் கிருமிகள்தான் நைட்ரைட்டாக மாற்றித் தருமாம். அதற்குப் பிறகுதான் ரத்தக்குழாய் தளர்வதும், குறைந்த மூச்சில் அதிகம் ஓடுவதும்.

"சமைக்கிறவங்களை எல்லாம் கொன்னுட்டு, சாப்பாடு எங்கேன்னு கேக்கறியேம்மா!"

"கிருமியை ஒழின்னு இருபது வருஷமா சொன்னது நீங்கதானே?"

"வம்சத்தையே ஒழின்னு சொன்னேனா? உனக்கு பிரஷ் போதும். ஆனா ஒண்ணு, சாறு கொஞ்சம்தான் தள்ளும். மிச்சத்தை நீதான் ஓடணும்."

"அந்தக் கொஞ்சம்தான் டாக்டர் எனக்குக் குறையுது."

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஓடுவதைவிடக் கொப்பளிக்காமல் இருப்பது பெரும்பாடாகிவிட்டது. கை தானாகப் பாட்டிலுக்குப் போகும். கடைசியில் அதைக் கணவரிடம் கொடுத்து, "நானே கேட்டாலும் குடுக்காதீங்க" என்றாள். கிளினிக்கில் சிவந்த நாக்கை முகக்கவசத்துக்குள் ஒளித்துக்கொண்டு, ஊரையெல்லாம் கூசாமல் கொப்பளிக்கச் சொன்னாள்.

போட்டியன்று ஒன்பதாவது கிலோமீட்டரில் கால்கள் வழக்கம்போல் ராஜினாமா கடிதத்தை நீட்டின, அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கயிற்றின் முனையைப் பிடித்தபடி ஒருவர் எழுந்து நின்றார். அவரைக் கடந்தபோது மீதி பதினொரு வினாடி.

கணவர் பையிலிருந்து மவுத்வாஷ் பாட்டிலை எடுத்து நீட்டினார். "இப்பவாவது கொப்பளிக்கலாமில்ல?"

அவள் மூச்சு வாங்கியபடி பாட்டிலை ஏக்கத்தோடு பார்த்தாள்.

"அடுத்த வருஷம் ஐம்பத்தஞ்சு நிமிஷம். உள்ள வைங்க."